ஆறு மணிக்கு எழுந்து நிற்கும் ஊர்

சிட்னி நகரின் நடுவே ஹைட் பார்க் என்றொரு பெரிய பூங்கா. அதன் தென்கிழக்கு மூலையில், வண்டிகள் ஓயாமல் திரும்பும் சந்திப்பில், பழைய ஜெர்மன் பீரங்கி ஒன்று நிற்கிறது. அருகே போய் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எம்டன் கப்பலின் பீரங்கி! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்ததே, அதே எம்டன். சென்னைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி ஓடிய கதையைத் திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளுக்கு அருகே அந்தக் கப்பலை அடித்து முடக்கியது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' என்னும் போர்க்கப்பல். நம் கடற்கரையைச் சுட்ட பீரங்கி வகையறாவில் ஒன்றை இத்தனை ஆயிரம் மைல் தள்ளி வந்து தொட்டுப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அதே பூங்காவின் உள்ளே இருக்கிறது அன்சாக் நினைவகம். முதல் உலகப் போருக்குப் போன ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினருக்கு அன்சாக் என்று பெயர். 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் துருக்கியின் கலிப்போலிக் கரையில் அவர்கள் இறங்கினார்கள். எட்டு மாதம் போராடியும் கைப்பற்ற முடியாமல் திரும்பினார்கள். வெற்றி பெறாத அந்தப் போர் தொடங்கிய நாள்தான் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய நினைவு நாளாகிவிட்டது. மறு ஆண்டே சிட்னியில் நினைவகத்துக்காக மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். கட்டி முடித்துத் திறந்தது 1934 நவம்பரில். குவிமாடத்தின் உட்புறம் 1,20,000 நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். சிட்னி இருக்கும் மாநிலத்திலிருந்து முதல் போருக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று கணக்கு. இறந்தவருக்கு மட்டும் இல்லை, போய்த் திரும்பியவருக்கும் சேர்த்து.

நட்சத்திரங்கள் அழகுதான். ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்திவைத்தது கீழ்த்தளம். 2018-இல் புதிதாகக் கட்டிச் சேர்த்த கூடம் அது. நான்கு சுவரிலும் மண். ஊர் ஊராகத் திரட்டிக்கொண்டு வந்து பதித்த மண். மாநிலத்தில் 1,701 இடங்களின் மண் அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. பட்டாளத்தில் சேரும்போது அந்தக் காலத்துப் பையன்கள் வீட்டு முகவரி என்று எந்தெந்த இடத்தைக் கொடுத்தார்களோ, அந்த இடங்கள். பெருநகரங்களும் உண்டு, நான்கைந்து வீடுகள் மட்டுமே இருந்த பண்ணைகளும் உண்டு. சிவப்பு, சாம்பல், கரிசல், வெளிர் மஞ்சள், கடற்கரை மணல் என்று எத்தனை நிறம்! ஒரு மூலையில் இருந்த செம்மண் அப்படியே செஞ்சி மலையடிவாரத்து மல்லாட்டைக் கொல்லை மண். குனிந்து ஊர்ப் பெயரைப் படித்தேன். வாயில் நுழையாத ஒரு பழங்குடிப் பெயர். அந்த ஊரிலிருந்து எத்தனை பையன்கள் கப்பலேறினார்களோ. தரையில், இவர்கள் போய்ச் சண்டையிட்ட நூறு போர்க்களங்களின் மண். சுவரில் புறப்பட்ட இடம், காலடியில் போய்ச் சேர்ந்த இடம்.

இந்த நினைவகத்தைப் பற்றி இன்னொரு செய்தியை அங்கேதான் அறிந்துகொண்டேன். 1934-இல் திறந்தபோதே இதற்குள் முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு அலுவலக அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். மேலே நட்சத்திரம், கீழே பென்ஷன் மனு எழுதும் மேசை. நினைவுச் சின்னம் என்றால் மாலை போடும் இடம் என்று மட்டுமே நினைத்திருந்த எனக்கு இது புது விஷயமாக இருந்தது. அப்படிப்பட்ட சங்கம் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே பிடித்துக்கொண்டது. காரணம் என் அண்ணன். வல்லம் பக்கத்து ஊர்க்காரர். மதராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். எங்கள் வட்டாரத்து முன்னாள் ராணுவத்தினர் கூடும் கூட்டங்களுக்கெல்லாம் ஓடியாடி வேலை செய்பவர். அவருடைய மகள்தான் சிட்னியில் வென்ட்வொர்த்வில்லில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குத்தான் போயிருந்தேன்.

வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் பக்கம் நம் ஆட்கள் நிறைய. கொஞ்ச தூரத்தில், தமிழர்கள் வைகாசிக் குன்று என்றழைக்கும் மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. தெருவில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "சங்கம் பார்க்கணும்னா ஆர்.எஸ்.எல். கிளப்புக்குப் போகலாம் சித்தப்பா. ஆனா ஆறு மணிக்கு முன்னாடியே உள்ள இருக்கணும்" என்றாள் அண்ணன் மகள். ஏன் என்று கேட்டதற்கு, "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆர்.எஸ்.எல். என்பது அந்த நாட்டு முன்னாள் படைவீரர் சங்கம். 1916-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, காயம்பட்டுத் திரும்பியவர்கள் சேர்ந்து தொடங்கியது. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட ஊர்க் கிளைகள். கிளையின் பெயரால் ஊரில் ஒரு கிளப் கட்டடம் இருக்கும். சட்டப்படி கிளை வேறு, கிளப் வேறு. கிளப்பில் யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம். வாசலில் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனோம். பூப்போட்ட தடித்த கம்பளம், சாப்பாட்டுக் கூடம், பீர் கவுண்டர், குழந்தைகள் விளையாட ஒரு மூலை. இன்னொரு பக்கம் வரிசையாகச் சூதாட்ட இயந்திரங்கள். அந்த இயந்திரங்களை எனக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்கள் பொத்தானை அழுத்தி அழுத்திக் காசை விடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. படைவீரர் பெயரில் நடக்கும் இடத்தில் இது வேண்டுமா என்று அந்த ஊர்க்காரர்களே கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான்.

மணி ஆறு. விளக்குகள் மங்கின. இசை நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நாற்காலிகள் நகரும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வறுத்த மீனை முள்கரண்டியில் குத்தியிருந்தவர் அதைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். தொப்பி வைத்திருந்தவர்கள் கழற்றினார்கள். பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த கிழவிகூட இருக்கையை விட்டு எழுந்து நின்றாள். சுவரோரம் சிறு சுடர் எரியும் நினைவுக் கல் ஒன்று இருந்தது. எல்லா முகங்களும் அந்தப் பக்கம் திரும்பின. லாரன்ஸ் பின்யன் என்ற கவிஞர் 1914 செப்டம்பரில் எழுதிய கவிதையின் நான்கு வரிகளைக் குரல் சொல்லியது. கடைசி வரியைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு விளக்கு வந்தது, இசை வந்தது, மீன் வந்தது. என் பக்கத்து மேசையில் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு வியட்நாமியக் குடும்பம் விட்ட இடத்திலிருந்து கேக் வெட்டத் தொடங்கியது.

இதைத் தினமும் செய்கிறார்கள். விழா நாளில் மட்டும் இல்லை, தலைவர் வரும்போது மட்டும் இல்லை. மழை பெய்தாலும் கூட்டம் குறைந்தாலும், ஆறு மணி வந்தால் எழுந்து நிற்கிறார்கள். பட்டாளத்துக்கும் அந்தக் கேக் குடும்பத்துக்கும் என்ன உறவு? ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவர்களும் எழுந்து நின்றார்கள் என்பதுதான் என் மனதில் தங்கிவிட்டது.

மறுநாள் கிளை அலுவலகத்துக்குப் போனேன். கிளப்பின் பகட்டு எதுவும் அங்கே இல்லை. ஒரு சிறு அறை, இரண்டு மேசை, தேநீர்க் கெட்டில், சுவரில் பழைய புகைப்படங்கள், அலமாரி நிறையக் கோப்புகள். மேசைக்குப் பின்னால் வெள்ளை முடிக்காரர் ஒருவர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். முன்னாள் வீரர்களின் இழப்பீட்டு மனுக்களை எழுதிக் கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்ற தொண்டர் அவர். சம்பளம் கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும்; ஆப்கானிஸ்தான் போய் வந்தவராம். முழங்கால் போயிருந்தது, ஒரு காது மந்தம், இரவில் தூக்கம் இல்லை. பெரியவர் அவசரமே படவில்லை. எந்த ஆண்டு, எந்த முகாம், எந்த டாக்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இளைஞர் பேச்சை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்ட இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து தேநீர் போட்டார். குடித்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி.

பிறகு அந்தப் பெரியவரே எனக்கு விளக்கினார். 1997 முதல் 2021 வரை தற்கொலை செய்துகொண்ட ஆஸ்திரேலியப் படையினரும் முன்னாள் படையினரும் குறைந்தது 1,677 பேர். அந்த நாட்டு அரசு அமைத்த ராயல் கமிஷன் 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் இது இருக்கிறது. மனு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்து, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் உடைந்துபோனவர்களைப் பற்றியும் அந்தக் கமிஷன் நிறையக் கேட்டது. அதனால்தான் தாளை நிரப்புவதை அவர் அவ்வளவு கவனமாகச் செய்கிறார். மருத்துவமனையில் படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, தனியாக இருக்கும் கிழவர் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போவது, உறுப்பினர் இறந்தால் சவப்பெட்டி மேல் சிவப்புப் பாப்பிப் பூ வைத்து மரியாதை செய்வது, பள்ளிக்கூடங்களில் பேசுவது என்று கிளையின் மற்ற வேலைகளையும் சொன்னார். அந்தப் பூவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1921-இல் பிரான்ஸின் அனாதை இல்லங்களில் செய்யப்பட்ட பட்டுப் பாப்பிகளைச் சங்கம் வரவழைத்து, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றது. அதில் ஐந்து பென்ஸ் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு, மீதி சங்கத்துக்கு.

என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். எங்கள் பக்கம் சங்கத்து வேலை என்றால் நவம்பர் வந்ததும் ஓய்வூதியர் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று. இப்போது ஸ்பர்ஷ் என்று கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. எண்பது வயதுக்காரருக்குக் கைரேகை விழாது, கண்ணைக் காட்டினால் புரை. பிறகு பெயர்ச் சிக்கல். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் மூன்றாவது மாதிரி இருக்கும். கணவர் இறந்தபின் அந்த அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காக நடையாய் நடக்க வேண்டும். ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, பதிவை மாற்றும் பார்ட் டூ ஆர்டர் வாங்கி, அந்தப் பெயரைத் திருத்தி முடிக்க அண்ணன் போன்றவர்கள் படும் பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கேட்ட பெரியவர் சிரிக்கவில்லை. "இங்கேயும் அதேதான்" என்று சொல்லி, அலமாரியில் தடித்த கோப்பு ஒன்றைக் காட்டினார். இரண்டு நாட்டிலும் துப்பாக்கி பிடித்த கை கடைசியில் படிவத்தோடுதான் போராடுகிறது.

அங்கே எல்லாமே சரியாக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைச் சில ஊர்க் கிளைகளே முகம் கொடுத்து வரவேற்கவில்லை. உங்களுடையது உண்மையான போரே இல்லை என்று முதியவர்கள் சொன்ன கதைகள் இருக்கின்றன. அவர்களுக்கு முறையான வரவேற்புப் பேரணி சிட்னியில் நடந்தது 1987 அக்டோபர் 3 அன்றுதான். பழங்குடி வீரர்களின் கதை இன்னும் கசப்பு. ஒரே பதுங்கு குழியில் கிடந்தவர்கள் ஊர் திரும்பியபின், மற்றவர்களுக்குக் கிடைத்த நிலம் இவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. சில இடங்களில் கிளப் வாசலையே தாண்ட விடவில்லை. ரெட்ஃபர்ன் என்ற பகுதியில் 2007 முதல் பழங்குடி வீரர்களுக்கென்று தனியாக ஊர்வலம் நடத்துகிறார்கள்.

கலிப்போலி நினைவு நாளான ஏப்ரல் 25 வந்தது. அங்கே அது இலையுதிர் காலம். விடியலில் பல் கிட்டும் குளிர். இருட்டோடு இருட்டாக வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து ஊர் நினைவுத் தூணைச் சுற்றி நின்றார்கள். கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்த பெண்கள், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், சக்கர நாற்காலிக் கிழவர்கள். எல்லார் சட்டையிலும் ரோஸ்மேரிக் கொத்து. கலிப்போலி மலைச்சரிவில் அது தானாக வளர்ந்து கிடக்குமாம். இந்த விடியல் வழிபாட்டுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1927-இல், முன்னாள் படைவீரர்கள் சிலர் இரவு விருந்து முடிந்து விடியற்காலையில் சிட்னி மார்ட்டின் பிளேஸ் வழியாக வந்தபோது, கட்டி முடியாத நினைவுக் கல்லில் ஒரு மூதாட்டி தனியாகப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களும் அவளோடு தலைகுனிந்து நின்றார்கள். அடுத்த ஆண்டிலிருந்து விடியலில் கூடுவதென்று முடிவு செய்தார்கள்.

பிள்ளைகளைக் கவனித்தேன். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் சட்டையில் வலது பக்கம் நான்கு பதக்கங்கள். அவள் எப்படிப் பதக்கம் வாங்கியிருக்க முடியும்? அண்ணன் மகள் காதோடு சொன்னாள்: சொந்தப் பதக்கம் இடப் பக்கம், தாத்தா பாட்டனுடையது வலப் பக்கம். கூட்டத்தைப் பார்த்தால் யார் போய் வந்தவர், யார் போனவரின் வாரிசு என்று தெரிந்துவிடும். பிறகு எக்காளம், மௌனம், கிழக்கு வெளுக்க மறுபடி எக்காளம். முடிந்ததும் பெரிய தட்டுக்கல்லில் சாசேஜ் வாட்டி ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். காபியில் ரம் ஊற்றுவது வழக்கம். ஓட்ஸும் தேங்காய்த் துருவலும் சர்க்கரைப் பாகும் சேர்த்து, முட்டையில்லாமல் செய்த அன்சாக் பிஸ்கட்டை நான் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு கிழவர் நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். கலிப்போலியில் 10,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்ததை அவர்தான் நினைவூட்டினார். மலைப் பீரங்கிப் படை, கூர்க்காக்கள், சீக்கியர்கள். குண்டுமழைக்கு நடுவே கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் ஏற்றிக்கொண்டு போன இந்தியர்கள். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் தன் பாட்டன் திரும்பியிருக்க மாட்டார் என்றார். நகரத்துப் பெரிய பேரணியில் இந்தியப் படையில் இருந்து அங்கே குடியேறியவர்களும் தலைப்பாகையும் பதக்கமுமாக நடக்கிறார்கள்; சாலையோரத்தில் அவர்களுக்கு விழுந்த கைதட்டல் கொஞ்சமில்லை.

அந்த நாட்டில் ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். முதல் போரின்போது அங்கே மொத்த ஜனத்தொகையே ஐம்பது லட்சத்துக்குள்தான். அதில் நாலு லட்சத்துக்கும் மேல் படையில் சேர்ந்தார்கள். 60,000-க்கும் மேல் இறந்தார்கள். கட்டாயப் படைச் சேர்ப்புக்கு 1916-இலும் 1917-இலும் வாக்கெடுப்பு வைத்து இரண்டு தடவையும் மக்கள் வேண்டாமென்றார்கள். ஆகையால் போனவர்கள் எல்லாருமே தாமாகப் போனவர்கள். செத்தவர் உடல் ஊர் திரும்பவில்லை. புதைத்த இடத்தைப் போய்ப் பார்க்க அம்மாக்களுக்குக் காசும் இல்லை, கப்பலும் இல்லை. அதனால் ஒவ்வோர் ஊரும் தன் சந்தியில் ஒரு தூணை நட்டுப் பெயர்களைச் செதுக்கிக்கொண்டது.

நம் ஊர்களிலும் கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல கிராமங்களிலும் பழைய அலுவலகச் சுவர்களிலும் வெள்ளைக்காரன் பதித்த சிறு சலவைக் கல்லைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். எண் மட்டும்தான். பெயர் கிடையாது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர்களில் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகங்களை யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. மெசபடோமியாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள், 1962-லும் 1965-லும் 1971-லும் எல்லையில் நின்றவர்கள் செஞ்சி, மேல்சித்தாமூர், வல்லம் வட்டாரத்திலும் இருந்தார்கள். 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று வீட்டுக்குப் பேர் நிற்கிறது. அவர் எந்தப் படையில் எங்கே இருந்தார் என்றால் பேரப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியல் வருகிறது, காசு போடுகிறோம், முடிந்தது. சங்கக் கூட்டம் நடந்தால் அது அவர்கள் சமாசாரம் என்று ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. எனக்கு இது பெரிய குறையாகப்படுகிறது.

அன்று இரவே அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு நினைவகத்து மண் சுவரைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊர் பேரெல்லாம் எழுதியிருக்காங்க சரி, ஆளுங்க பேரு?" என்றார். அதற்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள் என்றேன். "நம்மகிட்ட அதுதான்டா இல்ல" என்றார்.

நான் ஊர் திரும்பியபோது ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி வைத்திருந்தார். பெயர், ஊர், அப்பா பெயர், எந்தப் படை, போன வருஷம், வந்த வருஷம் என்று ஸ்கேலால் கோடு போட்டிருந்தது. இப்போது வல்லம் ஒன்றியத்தில் ஊர் ஊராக டி.வி.எஸ். ஐம்பதில் போய் எழுதுகிறார். உயிரோடு இருப்பவர்களை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம். இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்கள் வீட்டில் டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பார்க்கச் சொல்கிறார். அடியில் பழைய டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் நம்பர் வரைக்கும் எழுதிக்கொள்கிறார். வாழ்நாள் சான்றுக்காகக் கூடும் நவம்பர் கூட்டத்துக்கு இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறார். போனில் கண்ணைக் காட்டிப் பதிவு செய்யப் பெரியவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் உதவ வேண்டும்; பதிலுக்குப் பெரியவர்கள் தாங்கள் இருந்த இடத்தை மேப்பில் காட்ட வேண்டும். மேப்பை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.